அந்தப் பக்கம் வீடு எடுக்க வேண்டாம் என்றார்கள்

வர்ஜீனியா பல்கலைக்கழகம் இருக்கும் சார்லட்ஸ்வில் சிறிய ஊர். மக்கள்தொகை ஐம்பதாயிரத்தை எட்டாது. ஆகஸ்டில் மாணவர்கள் வந்து இறங்கியதும் வீடு தேடும் படலம் தொடங்கிவிடும். இங்கே படிக்கவோ ஆய்வுக்கோ வேலைக்கோ வரும் தமிழர்களுக்கு, முன்னால் வந்தவர்கள் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. நல்ல அரிசி எந்தக் கடையில் கிடைக்கும் என்பதற்கும் முன்பாகவே அது வந்துவிடும். "டென்த் அண்ட் பேஜ் பக்கம் வீடு எடுக்க வேண்டாம். வெஸ்ட்ஹேவன் வழியாக இருட்டிய பிறகு நடக்க வேண்டாம்." கெட்ட எண்ணத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை. அவர்களுக்கும் யாரோ இப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "அங்கே அவர்கள்தான் இருக்கிறார்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 'அவர்கள்' என்றால் கறுப்பின மக்கள்.

நாங்கள் அந்தப் பக்கம்தான் வீடு எடுத்தோம். கணவருக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை, நடந்தே போய்விடலாம். வாடகையும் கட்டுப்படியானது. பல ஆண்டுகள் அந்தத் தெருவில் வாழ்ந்த பிறகு சொல்கிறேன்: அமெரிக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அங்கே கற்றுக்கொண்டதுதான். ஆனால் நம் பிள்ளைகளில் பலர் அந்த அறிவுரையை நம்பி, ஊரின் ஒரு பாதியைப் பார்க்காமலேயே பட்டம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இது எனக்குப் பெரிய வருத்தம். அதனால் இதை எழுதுகிறேன்.

முதலில் மிக எளிய ஒன்று, தெருவில் நடக்கும் முறை. இங்குள்ள பழைய வீடுகளின் முகப்பில் மரத் தாழ்வாரம் இருக்கும். மாலையில் பெரியவர்கள் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் கடந்து போகிறவர் கை உயர்த்தி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வேண்டும். "குட் ஈவினிங்" போதும். கைபேசியைப் பார்த்தபடி தலை குனிந்து போவதை மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள். வயதானவர்களை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பெண்களுக்கு 'மிஸ்', ஆண்களுக்கு 'மிஸ்டர்' என்று முதற்பெயருக்கு முன்னால் சேர்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் பேராசிரியரையே பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய நம் மாணவர்கள் தெருவில் எண்பது வயதுப் பெண்மணியையும் அப்படியே கூப்பிட்டுவிடுகிறார்கள். இன ஒதுக்கல் காலத்தில் தெற்கு மாநிலங்களில் வெள்ளையர்கள் கறுப்பினப் பெரியவர்களை மரியாதைச் சொல் சேர்க்காமல் பெயர் சொல்லித்தான் அழைத்தார்கள். தாத்தா வயதுக்காரரையும் 'பாய்' என்பார்கள். அதை அனுபவித்த தலைமுறை இன்னும் அந்தத் தாழ்வாரங்களில் உட்கார்ந்திருக்கிறது.

எங்கள் பக்கத்து வீட்டு அம்மா அந்தத் தலைமுறைதான். மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் குடிவந்த சில நாட்களில் ஒரு தட்டு நிறைய சோளமாவு ரொட்டி கொடுத்தனுப்பினார். தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் நமக்கு இல்லையே. தட்டைப்பயறு சுண்டல் செய்து வைத்துக் கொடுத்தேன். மூடியைத் திறந்தவர் முகம் மலர்ந்துவிட்டது. புத்தாண்டு அன்று அவர்கள் வீட்டில் கட்டாயம் சமைக்கும் பயறாம் அது. பயறும் கோலார்டு கீரையும் உண்டு ஆண்டைத் தொடங்கினால் வருடம் நன்றாக இருக்கும் என்பது தெற்கத்திய நம்பிக்கை. இந்தப் பயறு ஆப்பிரிக்காவில் பயிராக்கப்பட்டது. மிகப் பழங்காலத்திலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. அமெரிக்காவுக்கு வந்தது அடிமை வணிகத்தின் வழியாக. வெண்டைக்காயும் அப்படி வந்ததுதான். அவர் அதைச் சோளமாவில் புரட்டிப் பொரிப்பார், நான் பொரியல் செய்வேன். அந்தத் தட்டு எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாகிவிட்டது.

அவர் பிறந்தது வினிகர் ஹில்லில். இப்போது அந்தப் பெயரைத் தேடிப் போனால் ஒரு பெரிய ஹோட்டலும் அகலமான சாலையும் வண்டி நிறுத்துமிடங்களும்தான் தென்படும். நகரின் கடைவீதிக்கு மேற்கே சுமார் 20 ஏக்கரில் இருந்த கறுப்பினக் குடியிருப்பு அது. வீடுகளோடு முடிதிருத்தகம், மளிகைக்கடை, உணவகம், தேவாலயம் எல்லாம் அங்கே இருந்தன. அதை ஒட்டி வெஸ்ட் மெயின் தெருவில் ஜார்ஜ் இன்ஜ் என்பவர் 1891-ல் தொடங்கிய மளிகைக்கடை 1979 வரை நடந்தது. வெள்ளையர் கடைகளில் ஒரு தொப்பியைக்கூடப் போட்டுப் பார்க்க அனுமதிக்காத காலத்தில், கறுப்பின மக்கள் தலைநிமிர்ந்து நுழைந்து வாங்கக்கூடிய கடைகள் இவை.

1960-ல் இந்தக் குடியிருப்பை இடித்து 'நகரப் புதுப்பித்தல்' செய்யலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். அப்போது வர்ஜீனியாவில் வாக்களிக்கத் தலைவரி கட்டியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒன்றரை டாலர், அதையும் மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து, தேர்தலுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே. வீட்டை இழக்கப்போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வாக்கெடுப்பில் வாக்கே இல்லை. மிகச் சொற்ப வித்தியாசத்தில் இடிப்பதற்குச் சாதகமாக முடிவு வந்தது. 1964, 65-ல் புல்டோசர்கள் வந்தன. 500-க்கும் மேற்பட்டவர்கள் வீட்டை இழந்தார்கள். முப்பது அளவில் இருந்த கறுப்பினத்தவர் தொழில்களில் பெரும்பாலானவை திரும்ப எழவேயில்லை. அங்கே பல வீடுகளில் உள்ளே குழாய் வசதிகூட இல்லாமல் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த வீடுகளில் பல வெளியில் இருந்த உரிமையாளர்களுடையவை. நகரம் அந்தத் தெருக்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டு, பிறகு அந்தக் குறையையே இடிப்பதற்குக் காரணமாகக் காட்டியது. இடித்த நிலம் பல ஆண்டுகள் வெறும் பொட்டலாகக் கிடந்தது. இதை அந்த அம்மா சொல்லும்போதுதான் அவர் குரலில் கோபத்தைக் கேட்டிருக்கிறேன். "உடனே ஏதாவது கட்டியிருந்தால்கூட, அவசரத் தேவை என்று நினைத்திருப்போம். காலி நிலத்துக்காகவா எங்களைத் துரத்தினார்கள்?" 2011-ல் நகர மன்றம் முறையாக மன்னிப்புக் கேட்டது.

வீடிழந்தவர்களில் வாடகைதாரர்கள் பலரைக் குடியேற்றிய அரசுக் குடியிருப்புதான் வெஸ்ட்ஹேவன். மொத்தம் 126 வீடுகள். இருட்டிய பிறகு நடக்க வேண்டாம் என்று நம்மவர்கள் எச்சரிக்கும் இடம் அதுதான். யார் அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டார்கள், அவர்களிடமிருந்து முன்பு என்ன பறிக்கப்பட்டது என்று தெரிந்த பிறகு அந்த எச்சரிக்கையை அதே வார்த்தைகளில் இன்னொருவரிடம் சொல்ல என்னால் முடியவில்லை. குற்றம் நடக்காத ஊர் எதுவும் இல்லை. இரவில் எந்தத் தெருவிலும் கவனமாக இருக்க வேண்டியதுதான். ஆனால் மாணவர்கள் குடித்துவிட்டுக் கூத்தடிக்கும் தெருக்களைப் பற்றி யாரும் இப்படி எச்சரிப்பதில்லையே.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். வரலாற்றைத் தெரிந்துகொள்ள முதலில் நாமே உழைக்க வேண்டும். பக்கத்து வீட்டாரிடம் பக்கத்து வீட்டாராக மட்டும் போக வேண்டும். ஒருமுறை ஒரு மாணவர் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, ஒரு மணி நேரம் அந்த அம்மாவிடம் அவர் பட்ட அவமானங்களை மட்டுமே ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். மாணவர் போன பிறகு, "என் பேரன் பேஸ்பால் விளையாடுவதைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா?" என்றார். செமஸ்டர் முடிந்ததும் கேள்வி கேட்டவர்கள் போய்விடுகிறார்கள். சொன்னவர் அதே நினைவுகளோடு அதே வீட்டில் இருக்கிறார். அவராகச் சொல்ல முன்வந்தால் உட்கார்ந்து கேளுங்கள். அவராகத் தொடங்காதவரை தோட்டத்தைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேசினால் போதும்.

நாமே உழைத்துத் தெரிந்துகொள்ள இந்த ஊரில் வழிகள் நிறைய. பல்கலைக்கழகத்திலேயே தொடங்கலாம். தாமஸ் ஜெஃபர்சன் 1819-ல் நிறுவியது என்று எல்லோரும் சொல்வார்கள். 1817-ல் கட்டுமானம் தொடங்கியதிலிருந்து 1865 வரை அங்கே நாலாயிரம் முதல் ஐயாயிரம் அடிமைகள் உழைத்திருக்கக்கூடும் என்று பல்கலைக்கழகமே இன்று ஒப்புக்கொள்கிறது. மண் வெட்டினார்கள், செங்கல் சுட்டார்கள், சமைத்தார்கள், மாணவர்களின் அறைகளில் தீ மூட்டினார்கள், மணி அடித்தார்கள். பல்கலைக்கழகத்தின் குவிமாடக் கட்டடமான ரொட்டண்டாவுக்குக் கிழக்கே, சாலையோரப் புல்வெளியில், 2020-ல் கட்டி முடித்த அடிமைத் தொழிலாளர் நினைவிடம் இருக்கிறது. சுமார் 80 அடி விட்டமுள்ள கருங்கல் வளையம். ரொட்டண்டாவின் அளவுக்கு நிகராக வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். உட்சுவரில் நாலாயிரம் கோடுகள் வெட்டப்பட்டுள்ளன, ஓர் உயிருக்கு ஒரு கோடு. ஆவணங்களைத் துருவித் தேடி, கட்டி முடித்தபோது 578 பெயர்களைத்தான் அவர்களால் பொறிக்க முடிந்தது. இன்னும் 311 பேர் தொழிலாலோ உறவாலோ மட்டும் அறியப்படுகிறார்கள். மற்றவர்களுக்கு வெறும் கோடு. மழை பெய்தால் அந்தக் கோடுகளில் நீர் தேங்கி வழியும்.

அங்கே அவசரப்படாமல் நேரம் ஒதுக்கிப் போங்கள். வெளிச்சுவரின் கரடான பரப்பில் ஒரு பெண்ணின் கண்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. வெளிச்சம் படும் கோணத்தைப் பொறுத்துத் தெரியும், மறையும். அவை இசபெல்லா கிப்பன்ஸின் கண்கள். இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வீட்டில் அடிமையாக இருந்தவர். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைச் சட்டம் தடுத்த காலத்திலேயே படிக்கக் கற்றுக்கொண்டவர். விடுதலைக்குப் பிறகு, விடுவிக்கப்பட்டவர்களுக்காகத் தொடங்கிய பள்ளியில் ஆசிரியை ஆனார். சாட்டையையும் மனிதர்களை விற்ற ஏல மேடையையும் மறக்க முடியுமா என்று 1867-ல் அவர் எழுதியதை நினைவிடத்தில் பொறித்திருக்கிறார்கள். என் மகள் முதன்முதலாக அந்தக் கண்களைக் கண்டுபிடித்தபோது, "டீச்சரா?" என்று கேட்டாள். அடிமை என்று சொல்லி அவரை அறிமுகப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆமாம், டீச்சர் என்றேன்.

அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் இன்னும் சில இடங்கள் இருக்கின்றன. ஜெஃபர்சன் பார்க் அவென்யூவை ஒட்டி கிட்டி ஃபாஸ்டர் என்ற தையற்காரப் பெண் 1833-ல் நிலம் வாங்கினார். அடிமை அல்லாத கறுப்பினப் பெண். பல்கலைக்கழகத்தாரின் துணிகளைத் தைத்தும் துவைத்தும் சம்பாதித்தவர். அவர் வீடு இருந்த இடத்தின் வடிவத்தை மேலே ஓர் உலோகச் சட்டமாக நிறுத்தியிருக்கிறார்கள். வெயிலில் அதன் நிழல் தரையில் விழும். அருகிலேயே கல்லறைகள் கண்டுபிடிக்கப்பட்டன. பல்கலைக்கழகக் கல்லறைத் தோட்டத்தை விரிவாக்கத் தோண்டியபோது, 2012-ல், மதிலுக்கு வெளியே பெயரில்லாத 67 குழிகள் தென்பட்டன. அங்கே இன்று ஒரு சிறிய நினைவுப் பலகை இருக்கிறது. ரொட்டண்டாவின் மணியை அரை நூற்றாண்டுக்கும் மேல் அடித்த ஹென்றி மார்ட்டினுக்கும் ஒரு பலகை உண்டு. நம் மாணவர்கள் தினமும் இவற்றைக் கடந்துதான் வகுப்புக்குப் போகிறார்கள்.

மனதுக்கு மிகவும் நெருக்கமாக நான் நினைப்பது ஹோல்சிங்கர் படங்கள். ரூஃபஸ் ஹோல்சிங்கர் என்ற வெள்ளையரின் படப்பிடிப்பு நிலையம் நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஊரில் இருந்தது. அவர் எடுத்த கண்ணாடித் தகடுகள் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அவற்றில் 500-க்கும் மேல் கறுப்பின மக்கள் தாங்களே காசு கொடுத்து எடுத்துக்கொண்ட உருவப்படங்கள். பத்திரிகைகள் அவர்களைக் கேலிச்சித்திரமாக மட்டுமே வரைந்த காலம் அது. இந்தப் படங்களிலோ இறுக்கி முடிந்த கூந்தலும் கஞ்சி போட்ட சட்டையும் கடிகாரச் சங்கிலியுமாக, தங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்று தாங்களே முடிவு செய்துகொண்டு கேமராவைப் பார்க்கிறார்கள். நூலகத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். குளிர்கால மாலைகளில் பக்கத்து வீட்டு அம்மாவும் நானும் அவற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இவர் எந்தத் தேவாலயத்தைச் சேர்ந்தவர், இந்தக் குடும்பத்தில் யார் செவிலியர் ஆனார் என்று அவர் சொல்லிக்கொண்டே வருவார். மகிழ்ச்சியும் பெருமையும் அழகும் நிறைந்த வாழ்க்கை ஒன்று இங்கே இருந்தது என்பது எனக்கு அந்தப் படங்களில்தான் புரிந்தது. துன்பத்தை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால் அந்த மனிதர்களைப் பாதிதான் தெரிந்துகொண்டதாகும்.

ஜெஃபர்சன் பள்ளி ஆப்பிரிக்க அமெரிக்க மரபு மையத்துக்கும் கட்டாயம் போக வேண்டும். இசபெல்லா கிப்பன்ஸ் கற்பித்த பள்ளியின் வழித்தோன்றல்தான் அது. கறுப்பினப் பெற்றோர்கள் மனுக் கொடுத்துப் போராடி 1926-ல் அங்கே உயர்நிலைப் பள்ளி பெற்றார்கள். வெள்ளையர் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்க நீதிமன்றம் உத்தரவிட்டபோது, சேர்ப்பதைவிட மூடுவதே மேல் என்று 1958 செப்டம்பரில் மாநில அரசு இந்த ஊரின் இரண்டு பள்ளிகளைப் பூட்டியது. அடுத்த ஆண்டு பன்னிரண்டு கறுப்பினப் பிள்ளைகள் அந்தப் பள்ளிகளுக்குள் நுழைந்தார்கள். அன்றைக்கு என் மகள் வயதில் இருந்தவர்கள் இன்று நம்மோடு கடைக்கு வருகிறார்கள். இதைப் பழங்கதை என்று என்னால் எண்ண முடிவதில்லை.

2017 ஆகஸ்ட் 11, 12 தேதிகளில் நடந்தது உலகத்துக்கே தெரியும். உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படையின் தளபதி லீயின் சிலையை அகற்றக் கூடாது என்று தீப்பந்தங்களோடு வந்த வெள்ளை இனவாதிகள், அவர்களில் ஒருவன் கூட்டத்துக்குள் காரை ஏற்றியதில் இறந்த ஹெதர் ஹேயர். நாங்கள் அதற்குப் பிறகுதான் இங்கே வந்தோம். ஊரிலிருந்து யார் பேசினாலும் அதைத்தான் கேட்பார்கள். நான் அவர்களுக்குச் சொல்வது வேறு. அந்தச் சிலையை அகற்ற 2016-ல் மனு எழுதியவர் சையானா பிரையன்ட் என்ற உள்ளூர்க் கறுப்பினப் பள்ளி மாணவி. சிலை வைத்த ஆண்டு 1924. அதே ஆண்டுதான் வெள்ளையர் வேறு இனத்தவரை மணக்கத் தடைவிதித்த சட்டத்தை வர்ஜீனியா இன்னும் இறுக்கியது. அந்தச் சட்டத்தின் கணக்கில் நம்மைப் போன்றவர்களும் வெள்ளையர் அல்லாதோர்தான். சிலை 2021-ல் இறங்கியது, 2023-ல் உருக்கப்பட்டது. அந்த வெண்கலத்தில் புதிய கலைப்படைப்பு செய்யும் திட்டத்தை நடத்துவது மரபு மையம்தான்.

இந்த ஊரில் மார்ச் 3 விடுதலை நாள். 1865-ல் அன்றைய தினம் வடமாநிலங்களின் ஒன்றியப் படைகள் நகருக்குள் வந்தன. அப்போது இந்த வட்டாரத்தின் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அடிமைகளாக இருந்தார்கள். ஊர் மக்களில் பாதிப்பேருக்கு மேல் விடுதலை கிடைத்த நாளை ஊரே கொண்டாட ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 2019-ல்தான் நகர மன்றம் ஜெஃபர்சன் பிறந்தநாள் விடுமுறையை நீக்கி, இந்த நாளை விடுமுறையாக்கியது. நிகழ்ச்சிகள் எல்லோருக்கும் திறந்தவை. அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம்.

தேவாலயத்துக்கு மட்டும் அழைப்போடு போவது நல்லது. அழைத்தால் தயங்காதீர்கள், வேற்று மதத்தவர் என்பதை யாரும் பொருட்படுத்தியதாக எனக்குத் தெரியவில்லை. நல்ல உடை உடுத்திக்கொள்ளுங்கள். நான் பட்டுப்புடவையில்தான் போனேன், தொப்பி அணிந்த மூதாட்டிகளின் நடுவில் அது பொருத்தமாகவே இருந்தது. புதியவர்களை எழுந்து பெயர் சொல்லச் சொல்வார்கள். பாட்டும் பிரசங்கமும் நீளும், இடையில் எழுந்து போகக் கூடாது. காணொளி எடுக்கவே கூடாது, அது வழிபாடு. முடிந்ததும் சாப்பாடு இருந்தால் இருந்து சாப்பிட வேண்டும். நம் கோயில் அன்னதானத்தில் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி வீட்டுக்குள் நடப்பதைச் சொல்ல வேண்டும், அதுதான் எனக்குக் கடினமான பகுதி. ஒருநாள் ஊரிலிருந்து என் அம்மா காணொளி அழைப்பில் பேசிக்கொண்டிருந்தார். "வெயிலில் ஆடாதே கண்ணு, கறுத்துப் போய்விடுவாய்" என்று மகளிடம் சொன்னார். அவள் பக்கத்தில் பக்கத்து வீட்டுப் பேத்தி உட்கார்ந்திருந்தாள். "பாட்டி என்ன சொன்னார்?" என்று அந்தக் குழந்தை கேட்டது. என் மகள் என்னைப் பார்த்தாள். அவளால் அதை மொழிபெயர்க்க முடியவில்லை, எட்டு வயதில் அவளுக்கே வெட்கமாக இருந்திருக்கிறது. அன்று இரவே அம்மாவிடம் பேசினேன். அம்மா பிடிவாதம் பிடிக்கவில்லை. கேட்டுக்கொண்டு, "என்னையும் அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள், எனக்கும் அது வலித்ததுதான்" என்றார். நிறத்தைப் பற்றி நம் வீடுகளில் சாதாரணமாகப் பேசும் பேச்சு, இந்த நாட்டில் ஒரு குழந்தையின் முகத்துக்கு நேராகப் போய் விழுகிறது. தாத்தா பாட்டிகளிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். புரிந்துகொள்வார்கள்.

நண்பர்கள் கூடும் இடங்களில் இன்னொரு பேச்சு வரும். "நாம் படித்து முன்னேறினோம், அவர்களால் ஏன் முடியவில்லை?" இதற்கு நான் சட்டத்தைக் காட்டிப் பதில் சொல்வேன். 1946-க்குப் பிறகும் இந்தியர்களுக்குக் குடியேற்ற ஒதுக்கீடு ஆண்டுக்கு நூறு பேர்தான். அதை மாற்றியது 1965-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம். 1964-ன் குடிமை உரிமைகள் சட்டமும் 1965-ன் வாக்குரிமைச் சட்டமும் வந்த அதே அலையில் அது வந்தது. அந்த அலையை எழுப்பியவர்கள் அடியும் சிறையும் பட்ட கறுப்பின மக்கள். அவர்கள் திறந்த கதவு வழியாக, ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களாக நாம் நுழைந்தோம். இந்தப் பல்கலைக்கழகத்தில் முதல் கறுப்பின மாணவர் கிரிகரி ஸ்வான்சன் 1950-ல் சட்டக் கல்லூரியில் சேர்ந்ததும் வழக்குப் போட்டு வென்றுதான்.

கறுப்பின மக்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். எங்கள் தெருவிலேயே ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த குடும்பம் உண்டு, கானாவிலிருந்து வந்த மருத்துவர் உண்டு, காங்கோவிலிருந்து அகதியாக வந்த குடும்பமும் உண்டு. இவர்களுடைய கவலைகளும் உணவும் அரசியலும் வேறு வேறு. பல்கலைக்கழகத்துக் கறுப்பின மாணவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் இடையிலும் தூரம் உண்டு. மாணவர்கள் பலர் வெளியூர்களிலிருந்து வருகிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் சிலர் பல்கலைக்கழகத்தை இன்றும் 'பிளான்டேஷன்', அதாவது அடிமைகளை வைத்து நடத்திய பண்ணை, என்கிறார்கள். அவர்களுக்கு அது சமையலறையும் சலவையறையும் துடைப்பமும்தான், வகுப்பறை அல்ல. நம் மாணவர்கள் உணவுக்கூடத்திலும் பஸ்ஸிலும் மருத்துவமனையிலும் தினமும் பார்க்கும் பணியாளர்கள் இந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பெயர் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டமளிப்பு நாளில் அவர்களிடமும் சொல்லிக்கொண்டு போங்கள்.

வீடு வாங்கும் அளவுக்குத் தங்கிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. சொத்து வாங்கும்போது வில்லங்கம் பார்ப்பது நம் ரத்தத்தில் ஊறியது. இங்கேயும் நீதிமன்றத்தின் பதிவு அலுவலகத்தில் பழைய பத்திரங்களை யாரும் பார்க்கலாம். சில தெருக்களின் பத்திரங்களில், இந்த மனையை வெள்ளையர் அல்லாத எவருக்கும் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்ற நிபந்தனை இருக்கும். 1948-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாக்காசு ஆக்கியது, ஆனால் எழுத்து பத்திரத்தில் அப்படியே இருக்கிறது. நமக்கு "நல்ல ஏரியா" என்று முகவர்கள் காட்டும் பகுதிகளை இந்தப் பழைய பத்திரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஊரின் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் படித்து வரைபடமாக்கும் வேலையும் நடந்திருக்கிறது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஒன்று உண்டு. டென்த் அண்ட் பேஜில் இப்போது பழைய வீடுகளை முதலீட்டாளர்கள் வாங்கி, பழுதுபார்த்து, மாணவர்களுக்கு அறை அறையாக விடுகிறார்கள். வரியும் விலையும் ஏறி, மூன்று தலைமுறையாக இருந்தவர்கள் விற்றுவிட்டுப் போகிறார்கள். நாம் கொடுக்கும் வாடகையும் இதில் சேர்ந்ததுதான். அதனால் அங்கே குடிபோகக் கூடாது என்று சொல்ல மாட்டேன். குடிபோனால் குடியிருப்பவராக இருங்கள்: இரவு சத்தம் போடாமல், குப்பைத் தொட்டியை நேரத்துக்கு உள்ளே எடுத்து வைத்து, பனி பெய்தால் பக்கத்து வீட்டு மூதாட்டியின் வாசலையும் சேர்த்து வாரிவிட்டு. நகர மன்றக் கூட்டத்தில் வீட்டு வசதி பற்றிப் பேச்சு வரும்போது போய் உட்காருங்கள். வாக்குரிமை இல்லாத வெளிநாட்டவரும் பொதுமக்கள் பேசும் நேரத்தில் பேசலாம். நான் பேசியிருக்கிறேன்.

வேறு பல்கலைக்கழக நகரங்களுக்குப் போகிறவர்களும் இதே தேடலைச் செய்ய வேண்டும். ஜார்ஜியாவின் ஏதென்ஸில் லின்னென்டவுன் என்ற கறுப்பினக் குடியிருப்பை 1960-களில் இடித்துத்தான் மாணவர் விடுதிகள் எழுந்தன. அந்த விடுதிகளில் நம் பிள்ளைகளும் தங்குகிறார்கள். வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் நார்த்சைடு இருக்கிறது. பல்கலைக்கழகத்தைக் கட்டியவர்களும் அங்கே உழைத்தவர்களும் தலைமுறைகளாக வாழ்ந்த பகுதி அது. அங்கே ஜாக்சன் மையம் முதியவர்களின் குரல்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. வீடு தேடத் தொடங்குவதற்கு முன்பே, ஊரிலிருந்தபடியே, அவற்றைக் கேட்டுவிடலாம்.